ஒரே விண்வெளி, இரு தீர்ப்புகள்

தொலைவிலுள்ள கோள்களைக் கண்டறிந்து, அவற்றில் இறங்கி நடந்து, அங்குள்ள உயிர்களுக்குப் பெயரிட்டுச் செல்வதையே முதன்மைச் செயலாகக் கொண்ட காணொளி விளையாட்டுகள் ஆய்வுப்பயண விளையாட்டுகள் எனப்படுகின்றன. எதிரியைச் சுட்டு வீழ்த்துவதும் பந்தயத்தில் முந்துவதும் இவற்றில் இரண்டாம் நிலையே. இவ்வகையில் 2016 ஆகஸ்ட் 9ஆம் நாள் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் அறிவியல் புனைவு விளையாட்டைப் போல, விளையாட்டாளர்களின் கடுஞ்சினத்தையும் பின்னர் அவர்களுடைய பேரன்பையும் பெற்ற படைப்புகள் மிகச் சிலவே. பிழைகள் திருத்தப்பட்டன, மக்கள் மன்னித்தனர் என்பதாகவே இம்மாற்றம் பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் சரியானதே எனினும் முழுமையானதன்று. ஆளில்லாத வெளியில் மனிதர் எதைத் தேடுகின்றனர், ஓர் இடத்தில் குடியேறிப் பழகியவர்களுக்கு அவ்விடத்தைப் படைத்தவர் எந்த அளவுக்குக் கடமைப்பட்டவர் என்னும் இரு கேள்விகளும் இம்மாற்றத்தின் அடியில் இருந்தன.

இவ்விளையாட்டின் தோற்றமே பழமையை நாடியது. 1970களிலும் 80களிலும் வெளிவந்த அறிவியல் புனைகதை நூல்களின் அட்டைகளில் கிறிஸ் ஃபாஸ், ஜான் ஹாரிஸ் போன்ற ஓவியர்கள் தீட்டிய அடர்வண்ண வானங்களும் பருத்த உருவமுள்ள விண்கலங்களுமே அதன் காட்சிகளுக்கு முன்மாதிரிகள். அதன் உள்ளியக்கத்திற்கும் அதே போன்ற முன்னோடி ஒன்று உண்டு. 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், 32 கிலோபைட் நினைவகமே கொண்ட பிபிசி மைக்ரோ கணினிக்காக உருவாக்கிய ‘எலைட்’ விளையாட்டில் 8 விண்மீன் மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 கோள்களும் இருந்தன. இத்தனை கோள்களின் விவரங்களையும் சேமித்துவைக்க அக்கணினியில் இடமில்லாததால், ‘விதை’ எனப்படும் ஒரு தொடக்க எண்ணைக் கணக்கு வாய்பாடு ஒன்றில் இட்டு, தேவைப்படும் நொடியில் கோளின் பெயரையும் வளத்தையும் வருவித்துக்கொள்ளும் முறையை அவர்கள் கையாண்டனர். விதை மாறாதவரை, எத்தனை முறை திரும்பிச் சென்றாலும் கோளும் மாறாது. இம்முறையை இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரிலுள்ள ‘ஹெலோ கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் ஷான் மரேயின் தலைமையில் விரித்தெடுத்து, ஏறத்தாழ 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி கோள்களை உருவாக்கக்கூடியதாக வளர்த்தது. ஒரு கோளுக்கு ஒரு நொடி என்று செலவிட்டாலும் அனைத்தையும் காண்பதற்கு 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இந்த எண்ணே எதிர்பார்ப்பை வளர்த்தது, ஏமாற்றத்தையும் வளர்த்தது. வெளியான முதல் நாளிலேயே ஒரே இடத்தை அடைந்த விளையாட்டாளர் இருவர் ஒருவரையொருவர் காண இயலாமல் போனதும், வெளியீட்டுக்கு முந்தைய நேர்காணல்களில் சந்திப்பு அரிது என்றாலும் இயலும் என்று கூறப்பட்டிருந்தது நினைவுகூரப்பட்டது. முன்னோட்டக் காட்சிகளில் தோன்றிய பேருயிர்களும் பெருங்கப்பல் கூட்டங்களும் எங்கே என்ற கேள்வியும் உடன் எழுந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிய நிலை சில வாரங்களில் சரிந்தது. விளம்பரங்கள் தவறான தகவல் தந்தனவா என்று ஆராய்ந்த பிரிட்டனின் விளம்பர நெறிமுறை ஆணையம் அவ்வாண்டு நவம்பரில் நிறுவனத்திற்குச் சாதகமாகவே முடிவு செய்தது. ஆயினும் விளையாட்டாளர்களின் சினம் நியாயமற்றது என்று அம்முடிவுக்குப் பொருள் கொள்ள முடியாது. விளம்பரம் விதிமீறலா என்பது ஒரு கேள்வி, முழு விலை கொடுத்து வாங்கியவர் கொண்டிருந்த நம்பிக்கை காக்கப்பட்டதா என்பது வேறொரு கேள்வி.

விளையாட்டாளர்களின் கருத்துகள் எவ்வாறு அளக்கப்படுகின்றன என்பதையும் இங்கே அறிந்துகொள்வது நலம். ஸ்டீம் தளத்தில் ஒரு விளையாட்டை வாங்கியவர் அதைப் பரிந்துரைக்கிறார் அல்லது பரிந்துரைக்க மறுக்கிறார். இடைப்பட்ட மதிப்பெண் எதுவும் இல்லை. பரிந்துரைத்தோரின் விழுக்காட்டை வைத்து ‘கலவையானது’, ‘பெரும்பாலும் நேர்மறையானது’, ‘மிகவும் நேர்மறையானது’ என்பன போன்ற அடைமொழிகள் தாமாகவே இடப்படுகின்றன. 2016இன் பிற்பகுதியில் அண்மைக் கருத்துகள் மிகத் தாழ்ந்த படிநிலைக்கு இறங்கியிருந்த இவ்விளையாட்டு, தொடர்ச்சியான இலவசப் புதுப்பிப்புகளின் பயனாக 2021இல் ‘பெரும்பாலும் நேர்மறை’ நிலையையும் 2024 நவம்பரில் ‘மிகவும் நேர்மறை’ நிலையையும் எட்டியது. எட்டாண்டு உழைப்பின் பலனாக வந்த இந்நிலைகள் மதிக்கத்தக்கவை. ஆனால் ஆமாம், இல்லை என்னும் இரு விடைகளுக்குள் அடங்காத எண்ணங்களே இவ்விளையாட்டைப் பற்றிய உண்மையான விவாதமாக இருந்தன.

அவற்றுள் முதன்மையானது, எல்லாக் கோள்களும் ஒன்று போலவே இருக்கின்றன என்ற குறை. வாய்பாடு ஒன்றே என்பதால் நிறமும் வடிவமும் மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை என்று பலரும், ஒரே கோளில் நெடுநேரம் தங்கியவருக்கே அதன் தனித்தன்மை புலப்படும் என்று சிலரும் வாதிட்டனர். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களை அறிந்த வாசகருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒட்டுக்கட்டி, ஒரே இடைவெளியில் வரிசையாக நடப்பட்ட ரப்பர் மரங்கள் சாலையில் செல்பவர் கண்ணுக்கு ஒரே காடாகத் தெரியும். நாள்தோறும் விடியலில் தம் நிரைக்குச் சென்று பால் வெட்டியவருக்கோ எந்த மரம் அதிகம் சுரக்கும், எந்த மரத்தின் பட்டை காய்ந்துவிட்டது என்பதெல்லாம் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. கோள்கள் யாவும் ஒன்று போல உள்ளன என்றவரும் அவ்வாறில்லை என்றவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கடந்து சென்றவர், மற்றவர் தங்கியவர்.

தங்கியவர்களின் கதை இவ்வரலாற்றின் மிக வளமான பகுதி. 2016இல் விளையாட்டாளர் சிலர் ‘கேலக்டிக் ஹப்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, எல்லையற்ற அவ்விண்வெளியின் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, அங்குள்ள கோள்களுக்குத் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கில் பெயரிட்டு, வீடுகளைக் கட்டினர். 2017 ஆகஸ்டில் வெளியான ‘அட்லஸ் ரைசஸ்’ புதுப்பிப்பு, கோள்களை உருவாக்கும் வாய்பாட்டையே மாற்றியமைத்தபோது, பசுமையாக இருந்த சில கோள்கள் வாழத் தகாதவையாகி, குடியேறியோர் வேறு பகுதிக்குப் பெயர்ந்தனர். கைவிடப்பட்ட அவ்விடங்களை அமெரிக்கத் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ரைன்ஹார்ட் தம் துறையின் முறைப்படி கள ஆய்வு செய்து, வீடுகளின் இருப்பிடங்களையும், அங்கு வாழ்ந்தோர் விட்டுச்சென்ற செய்திகளையும் பதிவு செய்தார். விளையாட்டுக்குள் தொல்லியலா என்று வியப்பவர் உண்டு; மனிதர் கூடி வாழ்ந்து விட்டுச்சென்ற தடம் எங்கிருந்தாலும் அது ஆய்வுக்குரியது என்பதே சரியான நிலைப்பாடாகத் தோன்றுகிறது.

பேராக்கில் ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும், மக்கள் விட்டுச்சென்ற தடங்களைப் பற்றிய இக்கேள்வி வேறொரு கனத்தோடு நிற்கிறது. 1950களில் வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியதால் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டதும், நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளானதும் தலைமுறைகளாக லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பெயர்த்தன. துண்டாடலுக்கு மாற்றாகத் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பிழைப்பையும் கூரையையும் இழந்தவர்களின் துயரத்தைப் பொழுதுபோக்கின் இழப்போடு சமன்படுத்துவது தகாது. ஆயினும் நகருக்கு இடம் மாறிய பின்னரும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகளை அறிந்தவர்கள், மறைந்துபோன கோளின் பெயரைப் புதிய குடியிருப்புக்கும் கொண்டுசெல்ல விரும்பும் விளையாட்டாளரின் மனத்தைப் புரிந்துகொள்வர். அதைவிட முக்கியமாக, ரைன்ஹார்ட் காட்டிய பொறுமையில் ஒரு பங்கேனும், பேராக்கின் முன்னாள் தோட்டங்களில் லயங்களும் கோயில்களும் நின்ற இடங்களைப் பதிவு செய்யக் கிடைக்க வேண்டும்.

அடுத்தடுத்த புதுப்பிப்புகள் விளையாட்டை நிறைத்தன. 2018 ஜூலையின் ‘நெக்ஸ்ட்’ பலரும் ஒன்றாக ஆடும் வசதியை முழுமையாகத் தந்தது. 2020இன் ‘ஆரிஜின்ஸ்’ புதிய கோள்களைச் சேர்த்தது. இத்தனைக்கும் நடுவே, முதல் வடிவத்தின் தனிமையும், எவரும் கட்டளையிடாமல் மணிக்கணக்கில் நடக்க முடிந்த அமைதியும் குறைந்துவிட்டன என்று வருந்தும் சிறுபான்மையினர் உள்ளனர். பணிப் பட்டியல்களும் கடைகளும் மண்டிய விண்வெளி ஆய்வுப்பயணியை வாடிக்கையாளராக்கிவிடுகிறது என்ற அவர்களுடைய வாதம் வலுவானது. தங்கிவாழ விரும்பியவர்களுக்கும் தனித்திருக்க விரும்பியவர்களுக்கும் ஒரே உலகைப் படைப்பது அத்தனை எளிதன்று.

2023 டிசம்பரில் அந்நிறுவனம் தன் அடுத்த விளையாட்டான ‘லைட் நோ ஃபயர்’ பற்றிய முதல் அறிவிப்பை வெளியிட்டது. இம்முறை கோடானுகோடிக் கோள்கள் இல்லை. பூமியின் அளவுள்ள ஒரே கோள், அதில் விளையாட்டாளர் அனைவரும் ஒன்றாக வாழ்வர் என்று கூறப்பட்டது. மகிழ்ச்சியோடு வரவேற்றவர்களிலும் பலர், 2016ஐ நினைவில் வைத்து, வெளியாகும்வரை பணம் தருவதில்லை என்று முடிவு செய்துள்ளனர்.