கடைசியாக மிஞ்சும் குழந்தைக்கும் கொலுவில் ஓர் இடம்!

காலாண்டுத் தேர்வு விடுமுறையும் நவராத்திரியும் பெரும்பாலும் அடுத்தடுத்தே வரும். அம்மாவோடு கொலு பார்க்க வரும் குழந்தைகள், சுண்டல் கைக்கு வந்ததும் ஆளுக்கொரு மூலையில் செல்போனோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். 'எல்லாரும் சேர்ந்து விளையாடுங்களேன்' என்று மொட்டை மாடிக்கு அனுப்பினால், பத்தாவது நிமிடம் ஒரு குழந்தை அழுதுகொண்டே இறங்கி வரும்: 'என்னை யாருமே சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க.'

கொஞ்சம் திட்டமிட்டால் அந்த அழுகைக்கு இடமே இருக்காது.

கொலுப் பூங்கா

கொலுவுக்கு ஐந்து நாள் முன்பே பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துவிடுங்கள். அகலமான பழைய தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்கு மண் நிரப்பி, கடுகையும் இரவு ஊறவைத்த வெந்தயத்தையும் தூவச் சொல்லுங்கள். தினமும் தண்ணீரைத் தெளித்தால் போதும். ஊற்றினால் விதை ஒதுங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும், கொலுவன்று பச்சைப் புல்வெளி தயார். குளத்துக்குக் கண்ணாடித் துண்டு வேண்டாம், கையைக் கிழிக்கும். அலுமினியத் தாளே போதும்.

களிமண் பொம்மை

மதுரை விளாச்சேரி பொம்மைகள் போல அழகாக வர வேண்டும் என்பதில்லை. பிள்ளையார், யானை, இட்லித் தட்டு என்று தோன்றியதைச் செய்யட்டும். பொம்மையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். வண்ணம் பூசியதும் கீழ்ப்படியை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். கோணல் பொம்மையாக இருந்தாலும் செய்த குழந்தையின் பெயரை எழுதி வையுங்கள். வருகிற விருந்தாளிகள் அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

அணி பிரிப்பதில் இருக்கிறது சூட்சுமம்

இரண்டு தலைவர்கள் நின்று 'எனக்கு இவன், உனக்கு அவள்' என்று பொறுக்கும்போது, கடைசியாக நிற்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நம் கிராமத்து விளையாட்டுகளில் இதற்கு அருமையான வழி உண்டு: உத்தி பிரித்தல். ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகள் தள்ளிப்போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, 'மல்லிகை வேணுமா, தாமரை வேணுமா?' என்று கேட்பார்கள். தலைவருக்கு யார் மல்லிகை என்று தெரியாது. அதனால் யாரும் ஒதுக்கப்படுவதில்லை, அணிகளும் சம பலத்தோடு அமையும். ரொம்பச் சின்னக் குழந்தையை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவுட் ஆனாலும் கணக்கில்லை.

மூன்று விளையாட்டுகள்

கொலு ஞாபகம்: எல்லாரும் ஒரு நிமிடம் கொலுவைப் பார்த்துவிட்டுத் திரும்பி உட்கார வேண்டும். அணியில் ஒவ்வொருவரும் ஒரு பொம்மையாவது சொன்னால்தான் புள்ளி. கூச்சப்படும் குழந்தையின் காதில் அணியே கிசுகிசுத்து உதவும்.

எலுமிச்சை ஓட்டம்: கரண்டியில் எலுமிச்சம்பழத்தோடு நடந்துபோய் அடுத்தவரிடம் மாற்ற வேண்டும். கீழே விழுந்தால் அதே இடத்திலிருந்து தொடரலாம். இதில் வேகத்தைவிட நிதானமே ஜெயிக்கும் என்பதால், ஓடத் தயங்கும் குழந்தைக்கும் வாய்ப்பு உண்டு. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் உயரமாக இல்லையென்றால் கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்மைக் கதை: படியில் இருக்கும் ஒரு பொம்மையை வைத்து முதல் குழந்தை ஒரு வரி சொல்ல, அடுத்தவர் அதைத் தொடர வேண்டும். செட்டியாரம்மா விண்வெளிக்கே போனாலும் தடுக்காதீர்கள்.

சுண்டலும் பரிசும்

அச்சிட்ட செய்தித்தாளில் சுண்டல் கட்டாதீர்கள், மை உணவில் ஒட்டும். குழந்தைகளையே தொன்னையில் பரிமாறச் சொல்லலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு முழுக் கொண்டைக்கடலை தொண்டையில் சிக்கக்கூடும், மசித்துக் கொடுங்கள்.

பரிசு ஜெயித்த அணிக்கு மட்டும் வேண்டாம். பென்சிலோ விதைப் பொட்டலமோ, எல்லோருக்கும் ஒன்றே போதும். அழுதுகொண்டு மாடியிறங்கிய குழந்தை, 'நாளைக்கு யார் வீட்டுக் கொலு?' என்று கேட்டுவிட்டுப் போனால், அதைவிட நல்ல தாம்பூலம் வேறில்லை.