மென்பொருள்வழி வலையமைப்பு: முதற்பாடம் எது?

கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள அமைந்த இணைப்பே வலையமைப்பாகும். செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்லும். அவற்றை உரிய வழியில் திருப்பிவிடும் கருவி சுவிட்ச். அதற்குத் தொழில் இரண்டு. எவ்வழி அனுப்புவதென முடிவு செய்தல் ஒன்று. அம்முடிவின்படி அனுப்புதல் மற்றொன்று. வழக்கமான முறையில் இவ்விரண்டும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் சேர்ந்தே இருக்கும். நூறு கருவிகள் இருப்பின் நூற்றையும் தனித்தனியே ஒழுங்குபடுத்தல் வேண்டும்.

முடிவு செய்யும் வேலையைப் பிரித்தெடுத்து, கட்டுப்படுத்தி எனும் மென்பொருளிடம் ஒப்படைப்பதே மென்பொருள்வழி வலையமைப்பு. சுவிட்சிடம் எஞ்சுவது ஒரு விதிப்பட்டியல். 'இத்தகைய பொட்டலம் வந்தால் இவ்வாறு செய்க' என்பது விதி. கட்டுப்படுத்தியும் சுவிட்சும் உரையாடுதற்குரிய ஓப்பன்ஃபுளோ என்னும் பொதுமொழியை 2008ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோனும் பிற அறிஞர்களும் வெளியிட்டனர். தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 என்னும் வலையமைப்பு இம்முறையில் இயங்குவதைக் கூகுள் நிறுவனம் 2013இல் விளக்கியது.

இதனைத் தொடக்க மாணவர்க்குக் கற்பிப்பது எங்ஙனம்? மினிநெட் என்னும் மென்பொருள், ஒரே கணினிக்குள் ஒரு வலையமைப்பையே உருவாக்கித் தரும். அதில் இரண்டு கணினிகளையும் ஒரு சுவிட்சையும் மட்டும் அமைத்து, கட்டுப்படுத்தி இல்லாமலே பாடத்தைத் தொடங்குதல் நன்று. மாணவர் 'பிங்' எனும் சோதனைச் செய்தியை அனுப்புவார்; மறுமொழி வராது. விதியில்லாத சுவிட்ச் ஏதும் செய்யாதென்பதை அவர் கண்ணாற் காண்கிறார்.

அடுத்து, முதல் வாயிலில் வருவதை இரண்டாம் வாயிலுக்கு அனுப்புமாறு அவரே ஒரு விதி எழுதட்டும். அப்போதும் மறுமொழி வராது. ஏன்? திரும்பி வருவதற்கு விதியில்லை. எதிர்த்திசைக்கும் ஒரு விதி எழுதியதும் மறுமொழி வந்துசேரும்.

மூன்றாவதாக, அவ்விதிகளை அழித்துவிட்டுக் கட்டுப்படுத்தியை இயக்குக. முதற்செய்திக்கு நேரம் மிகுதியாகும்; பின்னவை விரைந்து செல்லும். முதற்பொட்டலம் கட்டுப்படுத்தியிடம் கேட்கச் சென்றது. விதி எழுதப்பட்டபின் கேட்க வேண்டியதில்லை.

இறுதியாக, கட்டுப்படுத்தியை நிறுத்துக. எழுதிய விதிகள் காலக்கெடு உள்ளவரை பயன்படும். அதன்பின் புதுவிதி எழுத ஆளில்லை. அறிவை ஓரிடத்தில் குவித்தால் கேடும் ஓரிடத்திலிருந்தே வரலாம் என்பதை மாணவர் இங்கே உணர்வார். பெரிய வலையமைப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுப்படுத்திகளை வைப்பதன் காரணமும் விளங்கும்.

எல்லாம் இயங்கும் நிலையில் தொடங்கும் பாடத்தில் மாணவர் கட்டளைகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாம். நாளை ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ இணைப்பு அறும்போது, பழுது சுவிட்சிலா கட்டுப்படுத்தியிலா எனப் பிரித்தறிய அம்மனப்பாடம் உதவாது. ஆதலின், இயங்காத நிலையை முதலிற் காட்டி, இயங்குவதற்குரிய காரணத்தை மாணவரே கண்டறியச் செய்வதே பயிற்சியின் முதற்பாடமாகும்.