பெயின்ட்டை உரித்தால் போவது என்ன?

இரும்பும் கையும் – 14
டேவிட் ஸ்மித்: இரண்டாம் பகுதி

டேவிட் ஸ்மித் என்றதும் கண்முன் வருவது வெல்டிங் டார்ச்சோடு நிற்கும் ஒரு தொழிலாளியின் உருவம்தான். சென்ற வாரம் அவர் வாழ்க்கையைப் பார்த்தபோது நாமும் அந்த வழியாகத்தான் வந்தோம். 1906இல் இண்டியானா மாநிலத்து டிகேட்டரில் பிறந்தவர். 1925 கோடையில் சவுத் பெண்ட் ஊரின் ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையில் வேலை. 1934இல் புரூக்ளின் துறைமுகத்தை ஒட்டிய டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ் என்ற பட்டறையில் வாடகைக்கு ஓர் ஓரம். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்கெனெக்டடியில் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியில் ரயில் இன்ஜின்களையும் பீரங்கி வண்டிகளையும் பற்றவைத்தார்; எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர். இவை எல்லாமே உண்மை. ஆனால் இந்த உருவத்தை மட்டுமே இறுகப் பற்றிக்கொண்டவர்கள், அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் அவருடைய சிற்பங்கள் சிலவற்றைக் கெடுத்துவிட்டார்கள். அதைச் செய்தவர்கள் அவரை வெறுத்தவர்கள் இல்லை. அவரை மிகவும் மதித்தவர்கள். அதனால்தான் இந்த விவகாரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்மித்தின் சிற்பத்தில் இரும்பு எவ்வளவு முக்கியமோ அதன் மேற்பரப்பும் அவ்வளவு முக்கியம், பெயின்ட்டை உரித்தவர்கள் சிற்பத்தின் ஒரு பாதியையே எடுத்துவிட்டார்கள் என்பது என் வாதம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். ஸ்மித் சிற்பக்கலை படித்தவர் அல்ல. நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீகில் ஜான் ஸ்லோனிடமும் யான் மட்டுல்காவிடமும் அவர் கற்றது ஓவியம். கான்வாஸின் மேல் பொருள்களை ஒட்ட ஆரம்பித்து, அந்தப் பொருள்கள் மெல்ல மெல்லச் சட்டத்தை விட்டு வெளியே வந்து தரையில் நின்றபோது அவர் சிற்பி ஆனார். 1931-32இல் வர்ஜின் தீவுகளில் தங்கியிருந்தபோது பவளக்கல், மரம், கம்பி என்று கிடைத்ததைச் சேர்த்துச் சில உருவங்கள் செய்தார். அவற்றிலேயே வண்ணம் வந்துவிட்டது. ஓவியர் ஜான் கிரஹாம் காட்டிய ஒரு பிரெஞ்சு கலை இதழில் பிக்காஸோவும் கொன்ஸாலெஸும் இரும்பைப் பற்றவைத்துச் செய்திருந்த சிற்பங்களைப் பார்த்த பிறகுதான் 1933இல் தன் முதல் வெல்டிங் தலைகளைச் செய்தார். அதாவது டார்ச்சுக்கு முன்பே அவர் கையில் பிரஷ் இருந்தது. கடைசிவரை அதை அவர் கீழே வைக்கவும் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சிற்பத்துக்கு வண்ணம் பூசிவருவதாகவும், ஓவியனாக இருந்ததால்தான் சிற்பியானதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வேலை செய்த முறையும் அதையே சொல்கிறது. லேக் ஜார்ஜ் ஏரிக்கு அருகே அடிரோன்டாக் மலைப் பகுதியில் போல்டன் லேண்டிங் என்ற ஊரில் 1929இல் ஒரு பழைய பண்ணையை வாங்கியிருந்தார். பிற்பாடு அங்கே கட்டிய பட்டறைக்கும் டெர்மினல் அயர்ன் ஒர்க்ஸ் என்றே பெயர் வைத்தார். அதன் தரையில் வெள்ளையாக ஒரு செவ்வகம் பூசி, வெட்டிய இரும்புத் துண்டுகளை அதன்மேல் பரப்பி, நகர்த்தி, மாற்றிப் பார்த்து, பிடிபட்டதும் பற்றவைத்து நிமிர்த்துவார். படுத்துக் கிடந்த ஒரு படம் எழுந்து நிற்கிறது என்றுதான் இதைச் சொல்ல முடியும். ஐம்பதுகளின் இறுதியில் அவர் செய்த ‘ஸ்ப்ரே’ ஓவியங்களும் இதே பழக்கத்திலிருந்து வந்தவைதான். துண்டுகளைக் காகிதத்தில் வைத்து, சுற்றிலும் பெயின்ட்டைத் தூவி, துண்டுகளை எடுத்துவிட்டால் அவை இருந்த இடம் மட்டும் வெள்ளை வடிவமாக நிற்கும்.

அவருடைய புகழ்பெற்ற படைப்புகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1951இல் செய்த ‘ஹட்சன் ரிவர் லேண்ட்ஸ்கேப்’ காற்றில் கோடு போட்ட ஓவியம் என்று எல்லோரும் வியக்கும் சிற்பம். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹட்சன் நதிக்கரையை வரைந்த படங்களிலிருந்து பிறந்தது. அதே ஆண்டின் ‘ஆஸ்திரேலியா’, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பது. இரண்டுக்கும் அருங்காட்சியகக் குறிப்பில் எழுதியிருப்பது ‘வண்ணம் பூசிய எஃகு’. ஆனாலும் இவற்றைப் பச்சை இரும்பாகவே நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அதற்கு ஒரு காரணம், அன்றைய நூல்களும் இதழ்களும் சிற்பங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டதாக இருக்கும் என்பது என் ஊகம். ஒரு தலைமுறை வாசகர்கள் ஸ்மித்தைப் பார்த்தது சாம்பல் நிறத்தில்தான்.

வண்ணமே பூசாத ‘க்யூபி’ வரிசையை எடுத்துக்கொண்டால் என் வாதம் இன்னும் வலுப்படுகிறது. 1961க்கும் 1965க்கும் இடையில் செய்த 28 சிற்பங்கள், அனைத்தும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தள்ளி நின்று பார்த்தால் பெட்டிகளையும் உருளைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, விழப்போவதுபோல் அடுக்கிய கட்டுமானம். கிட்டே போனால் வேறொன்று தெரியும். கிரைண்டரின் சாணைத் தட்டை ஸ்டீல் பரப்பின் மேல் சுழற்றிச் சுழற்றி, வளைத்து, கிறுக்கி, மேலே கீழே இழுத்த தடங்கள். எந்திரம் போட்ட ஒழுங்கான கீறலாக இல்லாமல் தோளும் மணிக்கட்டும் போட்ட வீச்சாகவே இருக்கின்றன. ஒரு தடத்தின்மேல் இன்னொன்று ஏறும் இடத்தில் வெளிச்சம் உடைகிறது. நடந்தால் அது கூடவே நகர்கிறது. வெயிலுக்குத் தக்கபடி பரப்பு நீலமாகிறது, மாலையில் பொன்னாகிறது. வெளியில், வானத்தின் கீழ் வைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதும் இதற்காகத்தான். பிரஷ்ஷுக்குப் பதில் கிரைண்டர், பெயின்ட்டுக்குப் பதில் சூரியன். மேற்பரப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட ஒருவர் மற்ற சிற்பங்களின் பூச்சை மட்டும் ஏனோதானோவென்று செய்திருப்பாரா?

அவருடைய நிலைப்பாட்டை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. 1950இல் ‘17 எச்’கள்’ என்றொரு சிற்பம் செய்து, காட்மியம் சிவப்பில் ஆறு பூச்சு பூசியிருந்தார். கைமாறிக் கைமாறிப் போன வழியில் யாரோ அந்தச் சிவப்பை உரித்துவிட்டார்கள். தகவல் தெரிந்ததும், 1960இல், ஸ்மித் கலை இதழ்களுக்குக் கடிதம் எழுதினார். இது வேண்டுமென்றே செய்த நாசவேலை, இனி இதை என் படைப்பு என்று சொல்லக் கூடாது, இதன் மதிப்பு 60 பவுண்டு பழைய இரும்பின் எடைக்கு உள்ள மதிப்புதான் என்று பகிரங்கமாக அறிவித்தார். வடிவம் அப்படியே இருந்தது. ஒரு துண்டுகூட உடையவில்லை. போனது பெயின்ட் மட்டுமே. அதற்கே, தன் பெயரை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1965 மே 23 அன்று, வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் அருகே அவருடைய டிரக் விபத்துக்குள்ளானது. வயது 59. இரண்டு மகள்களும் அப்போது சிறுமிகள். போல்டன் லேண்டிங் வயல்களில் எண்பதுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் நின்றிருந்தன. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மூவரிடம் வந்தது: விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க், ஓவியர் ராபர்ட் மதர்வெல், வழக்கறிஞர் ஐரா லோ. கலை சார்ந்த முடிவுகளில் கிரீன்பெர்க்கின் சொல்லே ஓங்கியது. ஸ்மித்தை நாற்பதுகளிலேயே அடையாளம் கண்டு, அமெரிக்காவின் பெரும் கலைஞர்களில் ஒருவராவார் என்று எழுதியவர் அவர். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில், வெள்ளைப் பூச்சோடு நின்ற சில சிற்பங்களிலிருந்து பூச்சு அகற்றப்பட்டது. துருவேறிய பழுப்பு இரும்பு வெளியே வந்தது. வேறு சில, வெயிலிலும் பனியிலும் பெயின்ட் உரிந்துகொண்டிருக்க, அப்படியே விடப்பட்டன. ஸ்மித்தைப் பற்றி ஆய்வு செய்து நூல் எழுதிய ரோசலின்ட் கிராஸ், 1974இல் ‘ஆர்ட் இன் அமெரிக்கா’ இதழில் இதை வெளிக்கொண்டுவந்தார். புகைப்படக்காரர் டான் பட்னிக் முன்பும் பின்பும் எடுத்திருந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நடந்ததை யாராலும் மறுக்க முடியவில்லை.

கிரீன்பெர்க் தரப்பிலும் வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அந்த வெள்ளை வெறும் ப்ரைமர், ஸ்மித் அதன்மேல் வேறு நிறம் பூசுவதாக இருந்தார், ஆகவே அவை முடிக்கப்படாத சிற்பங்கள் என்பது முதல் வாதம். இதற்கு ஸ்மித்தின் வாக்குமூலமே துணை நிற்கிறது. கடைசிக் காலப் பேட்டி ஒன்றில், எபாக்ஸி ப்ரைமர் பதினைந்து பூச்சு, பிறகு துத்தநாகம் சில, பிறகு வெள்ளை சில, அதற்குப் பிறகே நிறம், ஆக மொத்தம் 25, 30 பூச்சு, மெர்சிடிஸ் காருக்கு இருப்பதைப்போல மூன்று மடங்கு என்று அவர் விளக்கியிருக்கிறார். வெள்ளை என்பது வழியில் ஒரு கட்டம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த வெள்ளையே இறுதி என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்: சில சிற்பங்கள் வருடக்கணக்கில் வெள்ளையாகவே வயலில் நின்றன, ஸ்மித்தே அவற்றை அப்படியே படமெடுத்தார். எது சரி என்று தீர்ப்பளிக்க எனக்குத் தேவையில்லை. வெள்ளைதான் முடிவு என்றால் உரித்தவர்கள் முடிந்த படைப்பை அழித்தார்கள். அது ப்ரைமர் என்றால், நிறத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒன்றை நேர் எதிர்த்திசையில், பதினைந்து பூச்சுக்கும் முன்பிருந்த வெற்று இரும்புக்குத் திருப்பினார்கள். துருப்பிடித்த பழுப்புத்தான் அந்தச் சிற்பங்களுக்கு ஸ்மித் நினைத்த நிறம் என்பதற்கு யாரும் ஆதாரம் காட்டவில்லை. ப்ரைமர் வாதம் அந்தச் சிற்பங்கள் முடியாதவை என்று காட்டுகிறதே தவிர, உரிப்பதற்கு அனுமதி தரவில்லை.

ஸ்மித்தின் வண்ணம் நன்றாக இல்லை என்பது இரண்டாவது வாதம். ஸ்மித் உயிரோடிருந்தபோதே, 1964இல், அவர் பூசிய வண்ணம் எதுவும் உண்மையில் வெற்றி பெறவில்லை என்ற கருத்தை கிரீன்பெர்க் எழுதினார். அது ஒரு விமர்சகனின் நேர்மையான கருத்து. சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1962இன் ‘சர்க்கிள்’ சிற்பங்கள் மூன்றையும் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வளையத்தின் வழியே அடுத்த வளையம் தெரியும்போது, எது முன்னே எது பின்னே என்பதை மாற்றிக் காட்டுவது அந்த வண்ணங்கள்தான். அவற்றை உரித்தால் மிஞ்சுவது மூன்று இரும்பு வளையங்கள். ஆனால் என் ரசனையும் இங்கே முக்கியமில்லை. ஒரு கவிஞர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதியில், பதிப்பாசிரியருக்குப் பிடிக்காத வரிகளை அழித்துவிட்டு அச்சிட்டால் அதை நாம் பதிப்பு என்று ஒப்புக்கொள்வோமா? ஒவ்வொரு கலையும் தன் ஊடகத்தின் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது கிரீன்பெர்க்கின் கோட்பாடு. ஸ்மித்தோ ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நடுவே உள்ள வேலியின்மேல் வாழ்ந்தவர். கோட்பாட்டுக்கு ஒத்துவராத பகுதியைக் கலைஞன் இறந்த பிறகு கழற்றிவிடுவது விமர்சனத்தில் சேராது.

வெட்டவெளியில் பெயின்ட் எப்படியும் நிற்காது, உரிந்து தொங்குவதைவிட சுத்தமான இரும்பு மேல் என்றும் சொல்வார்கள். உரிகிற பெயின்ட்டுக்கு மருந்து பெயின்ட்தான். வெயிலும் மழையும் என்ன செய்யும் என்று தெரிந்தே அத்தனை பூச்சுப் பூசியவர் ஸ்மித். உள்ளே எடுத்து வைக்கலாம், உரிந்த இடத்தைப் பழுது பார்க்கலாம், அல்லது அப்படியே விட்டு ஆவணப்படுத்தலாம். மூன்றுமே செய்யக்கூடியவை. ஸ்மித்தே ‘அக்ரிகோலா’ வரிசையின் சில சிற்பங்களிலும் வோல்ட்ரி என்ற ஊரில் செய்தவற்றிலும் துருவை ஏற்றுக்கொண்டாரே என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. எங்கே துரு வேண்டும், எங்கே நிறம் வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வையே இவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் அன்று அவருக்குத் துணையாக இல்லை. ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அதை என்ன செய்தாலும் கேட்க முடியாத நிலை. ‘17 எச்’கள்’ விஷயத்தில் கடிதம் எழுதுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. காட்சிக் கலைஞர்களின் உரிமைச் சட்டம் அமெரிக்காவில் 1990இல்தான் வந்தது. படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையை அது கலைஞருக்குத் தந்தது. ஆனால் சட்டம் வந்த பிறகு உருவான படைப்புகளுக்கு அந்த உரிமை கலைஞரின் ஆயுளோடு முடிந்துவிடுகிறது. பிரான்ஸில் இந்த உரிமைக்குக் காலவரம்பே கிடையாது. ஸ்மித்தின் கதையைப் படித்த எவரும், பாதுகாப்பு மிக அதிகமாகத் தேவைப்படுவது கலைஞர் இல்லாத காலத்தில்தான் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

பிற்காலத்தில் உரிக்கப்பட்ட சிற்பங்களில் சில மறுபடி வெள்ளையாக்கப்பட்டன. 1967இல் ஸ்மித்தின் 13 சிற்பங்களை ஒட்டுமொத்தமாக வாங்கி, அதன் மூலமாகவே திறந்தவெளிச் சிற்ப மையமாக உருவெடுத்த நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங், 2017இல் அவருடைய வெள்ளைச் சிற்பங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. மறுபூச்சும் ஒரு வகையில் போலிதானே என்ற கேள்வி நியாயமானது. ஸ்மித்தின் பிரஷ் ஓடிய தடம் அதில் இல்லை. அது இனி திரும்ப வராது. அதனால் அருங்காட்சியகங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த ஆண்டில் செய்தது என்பதோடு, எப்போது உரிக்கப்பட்டது, எப்போது யாரால் திரும்பப் பூசப்பட்டது என்பதையும் சிற்பத்தின் அருகிலுள்ள பெயர்ப்பலகையிலேயே எழுத வேண்டும். கிடங்கில் உள்ள கோப்பில் மட்டும் அது இருந்தால் பார்வையாளருக்குப் பயனில்லை. ‘க்யூபி’களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 2005இல் அவற்றில் ஒன்று, 28ஆம் எண், ஏலத்தில் 2.38 கோடி டாலருக்குப் போனது. அவ்வளவு விலை கொடுத்த பொருளைப் பளபளவென்று வைத்திருக்க யாராவது என்றேனும் பாலிஷ் போட நினைத்தால், ‘17 எச்’கள்’ கடிதத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: வோல்ட்ரியின் கைவிடப்பட்ட ஆலையில் 30 நாள், 27 சிற்பங்கள்)