உரிமம் முடிந்தாலும் வரைபடம் திறக்க வேண்டும்

கட்டணமில்லாத திறமூல கேட் (CAD) மென்பொருளுக்கு மாறலாமா என்ற பேச்சு எழுந்தால், பெரும்பாலும் உரிமக் கட்டணக் கணக்கோடு நின்றுவிடுகிறது. காசு மிச்சம்தான், அதைவிடப் பெரிய காரணம் வரைபடத்தின் ஆயுள். நன்றாகச் செய்த ஒரு பம்பு பல்லாண்டு ஓடும். அதன் பாகம் தேயும் நாளில் பழைய வரைபடம் திறந்தாக வேண்டும். கேட் மென்பொருள் விற்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் தன் பெரும்பாலான மென்பொருள்களுக்குப் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. சந்தா கட்டாவிட்டால், தான் வரைந்ததைத் தானே திருத்தும் வழி அடைபடுகிறது. 2002 முதல் வளர்ந்துவரும் திறமூல கேட் மென்பொருளான ஃப்ரீகேடில் அந்தப் பூட்டு இல்லை. அதன் கோப்பு ஒரு ஜிப் பொதி. பிரித்தால், பாகம் எந்த அளவுகளில், எந்த வரிசையில் உருவானது என்ற விவரம் எக்ஸ்எம்எல் வடிவில் கிடைக்கும். மூலநிரலும் பொதுவில் இருப்பதால், இன்றைய குழு கைவிட்டாலும் வேறொருவர் தொடரலாம்.

தரத்தில் ஈடாகுமா என்ற ஐயம் நியாயமானது. தகட்டின் ஒரு முகத்தில் துளையிட்டுவிட்டு, அடிப்படை வரைவில் ஒரு கோட்டைக் கூட்டினால் மென்பொருள் முகங்களுக்கு இட்ட எண்கள் மாறி, துளை இடம்தவறும். ஃப்ரீகேடின் நெடுநாள் தலைவலி இது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு தணித்தது. பாகங்களைப் பொருத்திப் பார்க்கும் அசெம்பிளி வசதியையும் உடன் சேர்த்தது. எனினும், வடிவக் கணக்குகளைச் செய்யும் ஓபன் கேஸ்கேட் என்ற உட்கரு சிக்கலான ஃபில்லெட்டுகளில், அதாவது விளிம்பை உருட்டும் வளைவுகளில், இன்னும் தடுமாறுகிறது. காரின் வெளிக்கூடு போன்ற நெளிபரப்புகளை வடிப்பவர்கள் இப்போதைக்கு மாற வேண்டியதில்லை. கடைசல், துளை, தகட்டு வேலைகளுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

பழைய கோப்புகள் என்னாகும் என்பதே கடினமான கேள்வி. ஸ்டெப் எனப்படும் ஐஎஸ்ஓ 10303 கோப்பு, பாகத்தின் வடிவத்தை ஃப்ரீகேடுக்குச் சுமந்துவரும். அந்த வடிவம் உருவான படிகளை வழக்கமாகச் சுமப்பதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது வீண் உழைப்பு. உரிமம் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் ஸ்டெப்பாகவும் பிடிஎஃப்பாகவும் எடுத்துவைத்து, புதிய பாகங்களை ஃப்ரீகேடில் தொடங்கலாம். திருத்தம் வரும் பழைய பாகத்தை மட்டும் மறுபடி வரையலாம். வாடிக்கையாளர் பழைய மென்பொருளின் மூலக்கோப்பே கேட்டால் ஓர் உரிமத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. தள்ளிப்போடுவதுதான் நட்டம்: பழைய மென்பொருளில் வரையும் ஒவ்வொரு புதிய பாகமும், பின்னாளில் மறுபடி வரைய வேண்டியவற்றின் பட்டியலை நீட்டுகிறது.