கரையேறாத வள்ளம்

ஆனி, ஆடியில் எங்கள் அடிமலத்துறைக் கடலில் ஆழி, அதாவது கரையில் உடையும் பேரலை, எழும்பி நிற்கும். விழிஞ்சம் துறைமுகத்துக்குப் போன வள்ளங்கள் போக, மீதி மணலில் கவிழ்ந்து கிடக்கும். எனக்கு அப்போதுதான் கைநிறைய ஒட்டுவேலை. ரெசின் டப்பாவும் கண்ணாடியிழை மேட் சுருளுமாகக் கோட்டுகாலிலிருந்து இறங்கிவிடுவேன். ஃபைபர் வள்ளத்துக்குக் காயமெல்லாம் அடிவயிற்றில்தான். நாள் தவறாமல் மணலில் இழுபட்டால் வேறென்ன ஆகும்?

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவரிடம் என் போனில் ஒரு பாய்வள்ளத்தின் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "மக்கா, இத எப்பிடி கரையேத்துவாவ?" என்றார்.

அது ரஸ்ட்லர் 36. இங்கிலாந்தில் ஹோல்மன் அண்ட் பை என்ற வடிவமைப்பு நிறுவனம் 1980இல் வரைந்த வள்ளம். நீளம் 35 அடிக்குச் சற்று மேல், அகலம் 11 அடி. 'பயனாத்' என்று பெயரிட்ட அப்படியொரு வள்ளத்தில்தான், நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றினார். 2022 செப்டம்பர் 4 அன்று பிரான்சில் புறப்பட்டு, 236 நாள் கழித்து இரண்டாவதாக வந்து சேர்ந்தார். ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டக்கூடாது. வள்ளமும் 1988க்கு முன் வரையப்பட்டதாக இருக்க வேண்டும். அந்தப் பந்தயத்தின் விதி அப்படி.

பெரியவருக்கு மணலில் விரலால் வரைந்து காட்டினேன். நம் வள்ளத்துக்கு அடி ஆழமில்லை. அலைமேல் ஏறி மணலில் வந்து உட்கார வேண்டுமே. இதற்கோ தண்ணீருக்குள் மட்டும் ஐந்தரை அடி. அடியில் ஏரா, அதாவது கீல், நீளவாக்கில் ஓடுகிறது. சுக்கான் தனியாகத் தொங்காமல் ஏராவின் பின்விளிம்போடு சேர்ந்திருக்கும். மிதக்கும் கட்டையோ வலையோ வந்தால் முதல் அடியை ஏரா வாங்கிக்கொள்ளும், சுக்கான் தப்பிக்கும்.

"பக்கக்காத்து தள்ளாதா?" என்றார். கட்டுமரத்தில் பாய் விரித்தால் பலகையைத் தண்ணீரில் இறக்கிச் சறுக்கலைத் தடுப்பார்களே, அந்த வேலையை இங்கே ஏரா பார்க்கிறது. வள்ளத்தின் எடை ஏழரை டன்னுக்கு மேல். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஈயம், அதுவும் அடியிலேயே. காற்று சாய்த்தாலும் அந்தக் கனம் இழுத்து நிமிர்த்தும். உள்ளே அடுப்பையும் ஊசல் போலத் தொங்கவிட்டிருப்பார்கள். வள்ளம் சாய்ந்தாலும் கஞ்சி சிந்தாது.

செய்முறை நமக்குத் தெரிந்ததுதான். மோல்டில் மெழுகு பூசி, ஜெல்கோட் அடித்து, மேட்டை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, ரோலரால் காற்றுக்குமிழை விரட்ட வேண்டும். குமிழ் நின்ற இடத்தில் பின்னாளில் தண்ணீர் கொப்புளம் கட்டும். இந்த மாதிரிப் பழைய வள்ளங்களில் அடுக்குகளைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். வேகம் குறைவு, ஆனால் நாற்பது வருடம் கழித்தும் சுரண்டிப் பூசிக் கடலில் இறக்கலாம்.

அபிலாஷ் டோமி 2018இலும் இதே பந்தயத்துக்குப் போனவர். அப்போது 'துரியா' என்ற மரவள்ளம். தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரங்கள் முறிந்தன, அவருக்கு முதுகெலும்பு உடைந்தது. வள்ளம் மட்டும் மூழ்கவில்லை. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்கும்வரை அவரைத் தாங்கிக்கொண்டு மிதந்தது.

பெரியவர் மணல் படத்தைக் காலால் அழித்தார். "அப்போ கரையேத்தவே மாட்டாவ. தள்ள ஆளும் வேண்டாம், ஒட்ட நீயும் வேண்டாம்."

தள்ள ஆள் வேண்டாம்தான். ஒட்டாமல் முடியுமா? பயனாத்தில் காற்றைப் பார்த்துத் தானே திசைபிடிக்கும் கருவி பழுதானபோது, டோமி கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குத் தகடு செய்துகொண்டார். அங்கே கோட்டுகாலிலிருந்து யார் டப்பாவோடு இறங்கி வருவார்கள்?

"அவனும் நம்மாளுதான்" என்றார் பெரியவர். நான் ரோலரைக் கையில் எடுத்தேன்.