பீரோ சாவி யாரிடம்?

சரஸ்வதி பூஜையன்று வீட்டிலுள்ள புஸ்தகங்களை எல்லாம் அடுக்கிப் பட்டுத் துண்டு போர்த்தி, சந்தனம் குங்குமம் இட்டு வணங்குகிறோம். அன்று புஸ்தகத்தைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி விடிந்ததும் நாலு வரியாவது படித்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கு முதல் நாள் ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் நாளைப் பற்றி அவர்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்காமல் இருப்பதே உத்தமம்!

சில ஹைஸ்கூல்களின் நூல் நிலையத்தில் வருஷம் முழுவதுமே சரஸ்வதி பூஜைதான். விஜயதசமி வருவதே இல்லை. கண்ணாடி பீரோவுக்குள் புஸ்தகங்கள் அழகாக நிற்கும். பீரோவுக்குப் பூட்டு உண்டு. பூட்டுக்குச் சாவியும் உண்டு. ஆனால் அந்தச் சாவி இருக்கும் இடம் பரம ரகசியம். 'லைப்ரரி பீரியட்' என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும். அந்த மணி அடித்ததும் கணக்கு ஆசிரியர் உள்ளே நுழைவார்.

பூட்டி வைப்பவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. புஸ்தகம் ஒன்று தொலைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். வருஷ முடிவில் கணக்குப் பார்க்கும்போது ஒன்று குறைந்தாலும் சங்கடம். பீரோவைத் திறக்காமலே இருந்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை அல்லவா?

இந்தப் பூட்டைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார்.

கணக்கு வாத்தியார் கண்ட வழி

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், பிரஸிடென்ஸி காலேஜில் கணிதம் கற்பித்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக அவரை நியமித்தார்கள். வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. கலகலவென்று மாணவர்களோடு பேசிப் பழகியவருக்குத் தனிமை பிடிக்குமா? "எனக்கு இந்த உத்தியோகமே வேண்டாம், பழைய வேலைக்கே போகிறேன்" என்று காலேஜுக்கு வந்து நின்றார். "முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் அவர் பார்த்ததோ வேறு உலகம். அங்கே பொது நூலகங்களில் பலதரப்பட்ட ஜனங்களும், குழந்தைகளும் கூட, சகஜமாக வந்து புஸ்தகம் எடுத்துப் போனார்கள். பார்த்தவருக்கு அலுப்பு பறந்துவிட்டது. திரும்பி வந்து பல்கலைக் கழக நூலகத்தின் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். உள்ளே சென்று தாமே புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்த நாளில் இது சாமானியமான புரட்சி அல்ல!

1931-ல் அவர் வெளியிட்ட புஸ்தகத்தில் நூலகத்துக்கு ஐந்து விதிகளைச் சொன்னார். இன்று உலகெங்கும் நூலகப் படிப்புப் படிப்பவர்கள் அந்த ஐந்தையும் படிக்கிறார்கள். அவற்றின் சாரத்தை நம் வீட்டு பாஷையில் சொல்கிறேன். புஸ்தகம் இருப்பது உபயோகத்துக்கு. ஒவ்வொருவருக்கும் ஏற்ற புஸ்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் ஒரு வாசகர் வாய்க்க வேண்டும். வருகிறவர் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளரும் ஜீவன். அது நின்றுவிடக் கூடாது.

பள்ளிக்கூடத்தையும் அவர் மறக்கவில்லை. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்காகவே 1942-ல் தனியாக ஒரு புஸ்தகம் எழுதினார். 1948-ல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாலும் அவருடைய பல வருஷ உழைப்பு இருந்தது. உங்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு சிறு தொகை அதில் இருக்கும். ஆகவே நூலகம் யாரோ போடும் தர்மம் அல்ல. நாம் காசு கொடுத்து நடத்துவது.

'தொடரும்' செய்யும் மாயம்

பீரோவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. எட்டாவது படிக்கும் பெண்ணை ஐந்நூறு புஸ்தகங்களுக்கு முன் நிறுத்தினால் அவள் எதை எடுப்பாள்? மெலிந்ததாகப் பார்த்து ஒன்றை எடுப்பாள். யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். ஆசிரியர் சொல்வதைவிடப் பக்கத்துப் பெஞ்சுத் தோழி சொல்வதற்குத்தான் அங்கே மவுசு.

இதற்குச் செலவில்லாத சில வழிகள் உண்டு. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாரம் ஒரு மாணவி ஐந்து நிமிஷம், தான் படித்த கதையைச் சொல்லட்டும். சுவையான கட்டத்தில் நிறுத்திவிடட்டும். வாரப் பத்திரிகை படிக்கும் உங்களுக்குத் 'தொடரும்' என்ற சொல்லின் சக்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா! மணி அடித்ததும் அந்தப் புஸ்தகத்துக்குப் போட்டி வந்துவிடும்.

இன்னொன்று, படித்தவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி அபிப்பிராயம் எழுதி அட்டைக்குள் வைப்பது. "முதல் பத்துப் பக்கம் அறுவை, அப்புறம் கீழே வைக்க முடியாது" என்று எழுதினாலும் சரிதான். மூன்றாவது, வருஷத்துக்கு ஒரு நாள் புஸ்தகப் பரிமாற்றம். வீட்டில் படித்து முடித்ததை ஆளுக்கு ஒன்று கொண்டு வந்து, வேறொன்றை எடுத்துப் போகலாம். நவராத்திரியில் படி கட்டிப் புஸ்தகக் கொலு வைத்தால் இன்னும் விசேஷம். ஒரே நிபந்தனை: கொலுவில் இருப்பதைத் தொடலாம்!

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023-ல் 'வாசிப்பு இயக்கம்' தொடங்கினார்கள். சின்னச் சின்னக் கதைப் புஸ்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகப் பிரித்தார்கள். தட்டுத் தடுமாறிப் படிக்கும் குழந்தைக்கும் ஏற்ற புஸ்தகம் உண்டு என்பதுதானே இதன் பொருள்? ரங்கநாதனின் இரண்டாவது விதியும் அதுதான்.

எதைப் படிக்கச் சொல்லலாம்?

சிறுமிகளுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. சேட்டைக்காரி என்று ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட ஜப்பானியப் பெண்ணின் உண்மைக் கதை. பழைய ரயில் பெட்டிகள்தாம் அவளுடைய புதுப் பள்ளியின் வகுப்பறைகள். நூலகமும் ஒரு ரயில் பெட்டியே. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி அவர்களுக்குப் புரியும்படி பேசுவது. 2020-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. தாயும் மகளும் சேர்ந்தே படிக்கலாம். பெரிய வகுப்புப் பெண்களுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்கும் ஒரு மாணவிக்கு நேர்ந்ததைச் சொல்லும் சிறிய நூல். மனத்தைக் கலக்கும், படித்து முடித்ததும் பெண்ணோடு உட்கார்ந்து பேசுங்கள். சரித்திரக் கதைப் பிரியர்களுக்குக் கல்கியின் 'பார்த்திபன் கனவு'. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', படிப்புக்காக ஒரு பையன் ஊர் ஊராக அலைந்த கதை. அவர் பெயரால் 1943-ல் தோன்றிய நூல் நிலையம் பெஸன்ட் நகரில் இருக்கிறது.

பள்ளியில் கிடைக்காவிட்டால் கோட்டூர்புரத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு.

அம்மா கேட்க வேண்டிய கேள்வி

"பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறதே, கதைப் புஸ்தகம் எதற்கு?" என்பது பல வீடுகளில் கேட்கும் வசனம். ஒன்பதாம் வகுப்பில் கீழே வைத்த கதைப் புஸ்தகத்தைப் பல பெண்கள் மறுபடி எடுப்பதே இல்லை. பரீட்சைக்குப் பின் காலேஜ். பிறகு உத்தியோகம், கல்யாணம், சமையற்கட்டு. நடுவில் அறுந்த நூலை எந்த வயதில் முடிச்சுப் போடுவது? இராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அரை மணி படிப்பதால் எந்த மார்க்கும் ஓடிப் போய்விடாது.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க்கைப் பற்றி விசாரித்து முடித்ததும் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். லைப்ரரி பீரியட் உண்மையாகவே நடக்கிறதா? புஸ்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறீர்களா? ஒன்றிரண்டு தொலைந்தால் ஆசிரியர் கையைக் கடிக்காமல், பெற்றோர் சங்கம் அதை ஈடு செய்யலாமா? மூன்றாவது கேள்வியை மட்டும் மறந்துவிடாதீர்கள். பொறுப்பாசிரியரின் பயம் தீர்ந்தால்தான் சாவி வெளியே வரும்.

இன்று சாயங்காலம் உங்கள் பெண் வந்ததும் டிபனை வைத்துவிட்டு, "லைப்ரரியிலிருந்து என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதாவது கொண்டு வந்திருந்தால், அவள் படித்த பிறகு நீங்களும் வாங்கிப் படியுங்கள்.