கிளினிக் கொப்பியும் கூட வரட்டும்

பொல்பிட்டிய மலைச்சரிவுகளில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். கிளினிக் கொப்பியை மறந்துவிடுகிறோம். இதயம் பலவீனமானவருக்கு இது ஆபத்து.

இதயம் இரத்தத்தைச் சரியாகத் தள்ளாவிட்டால் உடலில் நீர் தேங்கும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். நீரை வெளியேற்றும் குளிசையைச் சில நாள் விட்டாலே இந்நிலை திரும்பலாம்.

இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையிலோ, நாவலப்பிட்டியிலோ காட்டுங்கள். தேவைப்பட்டால் கண்டி இருதய நிபுணரிடம் அனுப்புவார்கள். கொப்பி இருந்தால் புதிய டொக்டருக்கும் மருந்தின் அளவு தெரியும்.

முகாமில் கிடைக்கும் கருவாட்டையும் டின்மீனையும் ஒதுக்குவது கடினந்தான். ஆனால் உப்பு நீரைப் பிடித்துவைக்கும். தினமும் காலையில் நிறை பாருங்கள். (கொழுந்துத் தராசு உதவாது!) மூன்று நாளில் 2 கிலோ கூடினால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராதீர்கள்.